கெட்ட செய்தி மேலே போகாத தொழிற்சாலை

ஒரு தொழிற்சாலையின் தலைமை எப்படிப்பட்டது என்பதை அதன் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டை வைத்தே சொல்லிவிடலாம். வாகன உதிரிபாகத் தொழிலில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கழிவு எண்ணிக்கை ஒரு மாதம் ஏறி, ஒரு மாதம் இறங்கி இருந்தால், அங்கே யாரோ உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் இலக்குக்குச் சற்றே கீழே, சொல்லிவைத்தாற்போல் வந்து நின்றால், எழுதுகிறவர் பயந்து எழுதுகிறார். ஓசூர்ப் பக்கம் மோசமான நிர்வாகம் என்று பேச்சு எடுத்தால் எல்லாரும் குணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்: கத்துகிற பிளான்ட் ஹெட், சொந்தக்காரர்களை மேலே ஏற்றிவிடும் முதலாளி, சொன்ன இன்க்ரிமென்டைத் தராத எச்.ஆர். இவை உண்மையான குறைகள். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு குறை இருக்கிறது. கெட்ட செய்தி கீழேயிருந்து மேலே போக முடியாதபடி அமைந்துவிட்ட ஏற்பாடுதான் மோசமான தலைமை என்பது என் வாதம். கத்துகிறவருக்குக் கீழே மட்டுமல்ல, சிரித்துப் பேசுகிறவருக்குக் கீழேயும் அந்த ஏற்பாடு இருக்கலாம். இந்தத் தமிழ்நாடு-கர்நாடக எல்லைப் பகுதியில் அது தட்டிக் கேட்பாரில்லாமல் நீடிப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு.

அந்தக் காரணம் இந்த நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1971-ல் தொடங்கப்பட்ட, தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட், எழுபதுகளிலேயே ஓசூரில் தொழில் வளாகத்தை உருவாக்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகிய மூன்று பெரிய பெயர்களும் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றுக்குப் பாகம் செய்து தர மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் சிறு பட்டறைகள் பெருகின. பிறகு சூளகிரி, பர்கூர் என்று வளாகங்கள் விரிந்தன. இன்று போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக், நாகமங்கலம் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதற்கப்பால் பொம்மசந்திரா, ஜிகனி, எலெக்ட்ரானிக் சிட்டி. டிப்ளமோ முடித்து ஓரிரு வருடம் சிஎன்சி மெஷினில் நின்ற பையனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைக்கும். அவன் விட்டுப்போன இடத்துக்கு தர்மபுரியிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ ஒடிசா, பீகார், அசாமிலிருந்தோ ஆள் வந்துவிடும். இப்படித்தான் ‘ஆள் போனால் ஆள் வரும்’ என்ற பேச்சு இங்கே ஒரு நிர்வாகக் கொள்கையாகவே ஆகிவிட்டது. ஆள் கிடைக்காத ஊரில் மோசமான தலைமை சீக்கிரம் அம்பலப்படும். ஆள் வந்துகொண்டே இருக்கும் ஊரில் அதன் தவறுக்கான விலையை வேறு யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள்.

கெட்ட செய்தி எப்படி வழியிலேயே நின்றுபோகிறது என்பதைப் பட்டறைத் தளத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். காலை மீட்டிங்கில் கேட்கப்படும் முதல் கேள்வி ‘நேத்து எத்தனை?’ என்பது. எத்தனை என்பதற்குப் பதில் எண்தான். ஏன் குறைந்தது என்று சொல்லத் தொடங்கினால் அது சாக்கு என்று எடுத்துக்கொள்ளப்படும். பாகத்துக்கு வடிவம் தரும் டை தேய்ந்திருக்கிறது, பாகத்தில் பிசிறு வருகிறது என்று ஆபரேட்டர் சூப்பர்வைசரிடம் சொல்வார். டையைக் கழற்றிச் சரிசெய்ய அரை ஷிஃப்ட் போகும். ‘யாரைக் கேட்டு லைனை நிறுத்தினே?’ என்ற கேள்வியை முன்பு ஒருமுறை வாங்கியிருக்கும் சூப்பர்வைசர், மாதக் கடைசி வரை ஓட்டுவோம் என்று முடிவு செய்வார். பிசிறை அரத்தால் தேய்த்து அனுப்ப இரண்டு பேரை உட்காரவைப்பார். அந்த இரண்டு பேரின் கூலி எந்தக் கணக்கிலும் டையின் பெயரில் ஏறாது. வாடிக்கையாளர் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போதுதான் மேலே இருப்பவருக்கு விஷயம் தெரியவரும். அப்போது மூலக்காரணம் எழுத வேண்டும். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக் காரணத்தைத் தோண்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் கற்றுத்தரப்படும் முறை. மோசமான நிறுவனத்தில் அந்தத் தோண்டல் ஆபரேட்டரோடு நின்றுவிடும். காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: ஆபரேட்டருக்கு மறுபயிற்சி. லைனை நிறுத்த அனுமதிக்காத முடிவு அந்தத் தாளில் எங்கும் வராது.

இதைவிட ஆழமான பொய் ஒன்று உண்டு. வாகனத் தொழிலின் தர விதிகளில் ஆள், மெஷின், மூலப்பொருள், முறை ஆகிய நான்கில் எது மாறினாலும் அதைப் பதிய வேண்டும், முதல் பாகத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது அடிப்படை. புது ஆள் மெஷினில் நிற்பதும் ஒரு மாற்றம்தான். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் நிறுவனத்தில் இதை நேர்மையாகப் பதிந்தால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பக்கம் பக்கமாக எழுத வேண்டிவரும். ஆடிட்டில் அது ஒரு பெரிய கேள்வியாக எழும். ஆகவே பதிவேடு சுத்தமாக இருக்கும். நேற்று வந்த பையனின் பெயர் திறன் அட்டவணையில் முழு வட்டத்தோடு, பயிற்சி முடித்தவனாக நிற்கும். தரம் தப்புவது இதன் ஒரு விளைவு. அதைவிடக் கொடியது கை போவது. பவர் பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் இறங்க வேண்டும் என்ற ஏற்பாடு, வேகத்துக்காக ஒரு பொத்தானைக் கட்டிவைப்பதால் பயனற்றுப்போகிறது. ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு வட இந்திய வாகன உதிரிபாகப் பட்டறைகளைப் பற்றி 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள், விரல் இழப்புகளில் பவர் பிரஸ்ஸின் பங்கைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மெஷினும் வேலைமுறையும் இங்கேயும் அவைதான். பொத்தானைக் கட்டியது ஆபரேட்டரின் கையாக இருக்கலாம். கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு எண்ணை மட்டும் கேட்டுச் சென்றது தலைமை.

செய்தி மேலே போகாததற்கான செலவு கண்ணுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அது தெரிகிறது, வேறு பெயரில் தெரிகிறது. வாடிக்கையாளரின் லைன் நின்றுவிடக் கூடாது என்று நள்ளிரவில் பத்துப் பெட்டிகளுக்காகத் தனி வண்டி போகும். அங்கே போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பாகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க இங்கிருந்து ஆள் போவார்கள். அந்தச் செலவை நம் கணக்கில் ஏற்றி டெபிட் நோட் வரும். மாதக் கடைசி வாரம் முழுக்க ஓ.டி. ஓடும். இந்த ஓட்டத்தில் முன்னால் நின்றவருக்குப் பாராட்டும் பதவி உயர்வும் கிடைக்கும். டையை மூன்று வாரம் முன்பே கழற்றச் சொன்னவரின் பெயர் எங்கும் வராது, ஏனென்றால் நடக்காமல் தடுக்கப்பட்ட விபத்துக்கு ரிப்போர்ட் கிடையாது. ஒரு நிறுவனம் தீயை அணைப்பவரை மட்டுமே உயர்த்திக்கொண்டு போனால், சில ஆண்டுகளில் மேலே இருப்பவர்கள் எல்லாரும் அவசரத்தில் மட்டுமே வேலை தெரிந்தவர்களாக இருப்பார்கள். தலைமைப் பஞ்சம் என்று இந்தப் பகுதியில் முதலாளிகள் குறைப்பட்டுக்கொள்வதன் வேர் இங்கே இருக்கிறது. ஆள் பிறக்காமல் இல்லை, தேர்வுமுறை தவறு.

சட்டத்தின் ஒரு நல்ல விதி இங்கே எப்படித் தலைகீழாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1981-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நிரந்தரத் தகுதிச் சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக வேண்டும். தொழிலாளிக்குப் பாதுகாப்பாக எழுதப்பட்ட அந்த எண்ணை, பல நிறுவனங்கள் ஆளை அனுப்பிவிட வேண்டிய கெடுவாகப் படிக்கின்றன. அந்த நாள் நெருங்குவதற்குள் ட்ரெயினியின் காலம் முடிகிறது, கான்ட்ராக்டர் பெயர் மாறுகிறது, புது அடையாள அட்டை வருகிறது. சட்ட நுணுக்கம் ஒருபக்கம் இருக்கட்டும், தொழில் கண்ணோடு பார்த்தாலே இது நஷ்டம். மெஷினின் சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்ததைச் சொல்லும் திறமை ஒருவனுக்கு ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வாய்க்கும். அது வாய்த்த மாதத்திலேயே அவனை வெளியேற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். நாளைக்கு இங்கே இருக்கப்போவதில்லை என்று அறிந்தவன் கெட்ட செய்தியை மேலே சொல்லவும் மாட்டான். சொல்வதால் அவனுக்குத் திட்டு உண்டு, சொல்லாமல் இருப்பதால் நஷ்டம் இல்லை. தற்காலிக வேலையும் ஊமைத்தனமும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இந்த ஊமைத்தனம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர் வழியாகப் போய்ச் சேரக்கூடிய நரசாபுராவே சாட்சி. கோலார் மாவட்டத்தில் இருக்கும் அந்த இடத்தில் தைவானின் விஸ்ட்ரான் நிறுவனம் ஐபோன் தயாரித்துவந்தது. 2020 டிசம்பர் 12 அதிகாலை, இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் தொழிலாளர்கள் ஆலையை அடித்து நொறுக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். முதல் நாளில் பேச்செல்லாம் வன்முறையைப் பற்றியே இருந்தது. பிறகு கர்நாடகத் தொழிற்சாலைகள் துறை விசாரித்தபோது வேறு சித்திரம் தெரியவந்தது. குறுகிய காலத்தில் ஆட்கள் 5,000-லிருந்து 10,500 ஆகப் பெருகியிருந்தார்கள். அதற்கேற்ற, சட்டம் அறிந்த மனிதவளத் துறை அங்கே இல்லை. வருகைப்பதிவில் குளறுபடி. பெரும்பாலானோர் பல ஒப்பந்த ஏஜென்சிகளின் கீழ் இருந்தார்கள். ஆப்பிள் நடத்திய தணிக்கை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்குச் சம்பளம் தாமதமானதையும் வேலை நேரத்தை முறையாக நிர்வகிக்காததையும் உறுதிசெய்தது. விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டது. இந்தியப் பொறுப்பில் இருந்த துணைத் தலைவரை நீக்கியது. குறைகளைத் திருத்தும்வரை புது ஆர்டர் இல்லை என்று ஆப்பிள் அறிவித்தது. 2023-ல் அந்த ஆலை டாடா எலெக்ட்ரானிக்ஸ் கைக்குப் போனது. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சம்பளம் சரியாக ஏறவில்லை என்பது ஒரே நாளில் முளைக்கிற செய்தி அல்ல. இரண்டு மாதமாக அது தளத்தில் ஒவ்வொருவர் வாயிலும் இருந்திருக்க வேண்டும். ஏஜென்சிக்கும் நிறுவனத்துக்கும் நடுவே எங்கோ அது நின்றுபோனது. மேலே இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எட்டியபோது கண்ணாடிகள் உடைந்துகொண்டிருந்தன.

வேறு வழி உண்டு என்பதற்கான சான்றும் ஓசூரிலேயே இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூர் டிவிஎஸ் தொழிலாளர் தகராறையும் நெருக்கடியையும் கண்டது. அந்தத் தகராறில் நியாயம் எந்தப் பக்கம் என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் அந்த நிறுவனம் முழுத் தர நிர்வாகம் என்ற ஜப்பானிய முறையைத் தளம் வரை கொண்டுசென்றது. 2001-ல் சுசுகியுடனான கூட்டு முடிந்தபோது தன் சொந்த வடிவமைப்பான விக்டர் பைக்கைச் சந்தைக்குக் கொண்டுவர அதனால் முடிந்தது. 2002-ல் தர நிர்வாகத்துக்கான டெமிங் விருது பெற்றது. உலகில் இரு சக்கர வாகன நிறுவனம் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. விருதுக்குப் பெயர் தந்த எட்வர்ட்ஸ் டெமிங், நிறுவனத் தலைமைகளுக்கு 14 அம்சங்களை வகுத்தவர். அவற்றில் எட்டாவது, வேலைத் தலத்திலிருந்து அச்சத்தை விரட்டுவது. அதை அவர் கருணைக்காகச் சொல்லவில்லை. அவர் புள்ளியியலாளர், பயந்தவன் தரும் எண் பொய்யாக இருக்கும், பொய் எண்ணை வைத்து எந்த முறையையும் திருத்த முடியாது என்று அறிந்தவர். விருது வாங்கிய நிறுவனத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இதே தண்ணீர், இதே மின்வெட்டு, இதே ஆட்களை வைத்துக்கொண்டு உலகத் தரத்தை எட்ட முடியும் என்பது இங்கேயே நிரூபணமான விஷயம் என்கிறேன்.

இதற்கு வரும் முதல் மறுப்பு சிறு முதலாளிகளுடையது, அதில் நியாயம் இருக்கிறது. பெரிய நிறுவனம் ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்கிறது. 2006-ன் சிறு, குறு தொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. பணம் வருவதோ அதற்குப் பின்னால். இரும்பு விலை ஏறுகிறது, வங்கி வட்டி நிற்பதில்லை. இந்த நெருக்கடியில் டையைக் கழற்றி அரை ஷிஃப்ட் நிறுத்த யாருக்கு வசதி இருக்கிறது என்று கேட்கிறார்கள். என் பதில்: சம்பளம் குறைவாக இருப்பதை நெருக்கடி விளக்கலாம், குறையைச் சொன்னவன் திட்டு வாங்குவதை அது விளக்காது. கேட்பதற்குக் காசு செலவில்லை. லாபம் மெலிந்த தொழிலில்தான் ஒவ்வொரு கழிவும், ஒவ்வொரு நள்ளிரவு வண்டியும் வலிக்கும். அங்கேதான் செய்தி முன்கூட்டியே வந்தாக வேண்டும். அதே சமயம் பெரிய நிறுவனங்களும் தப்ப முடியாது. விலையைக் குறைக்க ஆண்டுக்கு ஆண்டு கூப்பிடுகிறவர்கள், அந்தப் பட்டறையில் ஆட்கள் எத்தனை மாதம் நிற்கிறார்கள் என்று ஆடிட்டில் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, இந்தக் காலத்துப் பையன்கள் நிற்பதில்லை, கண்டிப்பு இல்லாவிட்டால் வேலை நடக்காது என்பது. பையன்கள் நிற்பதில்லை என்பது உண்மை. நிற்கக் கூடாது என்று 480 நாள் கணக்குப் போட்டுவிட்டு, நிற்கவில்லை என்று குறை சொல்வது சரியல்ல. எண்பதுகளில் டைட்டன் ஓசூருக்கு வந்தபோது இங்கே கைக்கடிகாரம் செய்யத் தெரிந்தவர் எவரும் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, நுண்ணிய வேலையில் உட்காரவைத்தது அந்த நிறுவனம். நாட்டின் முதன்மைக் கடிகார நிறுவனம் அந்தக் கைகளில் உருவானது. மண்ணில் குறையில்லை. கண்டிப்பைப் பொறுத்தவரை, நான் அதற்கு எதிரி அல்ல. கேஜ் வைத்துப் பார்க்காமல் பாகத்தை அனுப்பியவனைக் கண்டிக்கத்தான் வேண்டும். கேஜ் வைத்துப் பார்த்து, சரியில்லை என்று நிறுத்தியவனையும் அதே குரலில் கண்டித்தால் எது குற்றம் என்பதே தளத்துக்குத் தெரியாமல் போகும். ஆள் நிற்காததற்கு நேரத்தை நீட்டுவதும் மருந்தல்ல. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டது. ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் அப்படி ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது; எதிர்ப்புக்குப் பின் அதைத் திரும்பப் பெறுவதாக அரசு மே தினத்தன்று அறிவித்தது. களைத்த கண் குறையைப் பார்க்காது, பார்த்தாலும் சொல்லாது.

மூன்றாவது மறுப்பு ஊழியரை நோக்கி வருவது: பிடிக்கவில்லையென்றால் போய்விடலாமே, பொம்மசந்திரா பக்கத்தில்தானே இருக்கிறது? போகக்கூடியவர்கள் போகத்தான் செய்கிறார்கள். வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி, ஊரில் வயதான பெற்றோர் என்று கட்டுண்டவர்கள் நிற்கிறார்கள். விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் வேலையை விட்டால் அன்றே இருப்பிடத்தையும் விட வேண்டும். போகிறவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் முழுக் கேடும் விளங்கும். ராஜினாமாக் கடிதத்தில் எல்லாரும் எழுதுவது ‘சொந்தக் காரணம்’. ரிலீவிங் லெட்டர் வேண்டும், பாக்கிச் சம்பளம் செட்டில் ஆக வேண்டும், பி.எஃப். மாற வேண்டும், அடுத்த கம்பெனியிலிருந்து விசாரித்தால் நல்ல வார்த்தை வர வேண்டும். இத்தனையும் கையில் வைத்திருப்பவர் முகத்துக்கு நேரே யார் உண்மையைச் சொல்வார்கள்? ஆக, ஒரு ஊழியர் நிறுவனத்துக்குத் தரும் கடைசித் தகவலும் பொய்யாகவே முடிகிறது. வருடக் கடைசியில் அந்தக் கடிதங்களைக் கூட்டிப் பார்க்கும் நிர்வாகம், நம் ஆட்களுக்குச் சொந்தப் பிரச்சினை அதிகம் என்ற முடிவுக்கு வருகிறது.

இதைத் திருத்தப் பெரிய முதலீடு வேண்டாம். முதலாளிகளுக்கும் பிளான்ட் ஹெட்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் நிறுவனத்தின் மூலக்காரண அறிக்கையில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு முறை ஏன் என்று கேளுங்கள். குறைக்காக லைனை நிறுத்தியவரை அடுத்த நாள் காலை மீட்டிங்கில், எல்லார் முன்னிலையிலும், பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். விலகிப் போகிறவரின் பணம் முழுவதையும் கொடுத்து, கடிதத்தையும் கையில் கொடுத்த பிறகு, அவருடைய மேலதிகாரி அல்லாத ஒருவரை அனுப்பி ஏன் போகிறீர்கள் என்று விசாரியுங்கள். கான்ட்ராக்ட் ஆளின் சம்பளப் புகாருக்கு ஏஜென்சியைக் கைகாட்டாமல் நீங்களே பதில் சொல்லுங்கள். வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்தை விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே வேலை செய்கிறவரைத் தேடிப் பிடித்து, அங்கே மெஷினை நிறுத்தியவனுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். சம்பளச் சீட்டையும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்களையும் பத்திரமாக வையுங்கள். பார்த்த குறையை எழுத்தில் சொல்லி, தேதி போட்டு, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கும் பெயருக்கும் அதுவே காவல். குறையைச் சொல்வது விசுவாசமின்மை அல்ல. ஒரு ஊழியர் தன் நிறுவனத்துக்குச் செய்யக்கூடிய முதல் கடமை அது. அதைக் கேட்டுக்கொள்வது தலைமையின் முதல் கடமை. அந்தக் கடமையைச் செய்யாதவர் எந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் தலைவர் அல்ல.